வேரும் கேளிரும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள எங்கள் பாடசாலையில், தரம் 10 மாணவருக்கு ஒரு நாள் திருக்குறளின் 'நட்பாராய்தல்' அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவனோடு நட்புக் கொள்ளுமுன் அவனை ஆராய்ந்தறிய வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் பொருள். ஆராய்வதற்கு அறிவு வேண்டும், அவ்வறிவு மனிதனுக்கே உரியது என்று என் பங்குக்கு ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக் கரும்பலகையிலும் எழுதினேன். ஆசிரியத் தொழிலில் இவ்வாறு சேர்த்துச் சொல்லும் பழக்கம் எவரையும் விடுவதில்லை.

பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். நிலாவெளிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருபவள். வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் மகள்.

"சேர், வெங்காய வேருக்கும் ஆராயத் தெரியுமா? விஞ்ஞானப் புத்தகத்தில வேருக்கு உதவி செய்யிற பங்கசு இருக்கெண்டு போட்டிருக்கு. எங்கட தோட்டத்தில பங்கசு வந்தால் குமிழ் அழுகுது. அப்ப நல்லது எது, கெட்டது எது எண்டு வேருக்கு எப்பிடித் தெரியும்? நாங்க மருந்தடிக்கிறம். அதில ரெண்டும் சாகாதா?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது விஞ்ஞான ஆசிரியையிடம் கேட்கவேண்டிய கேள்வி என்று சொல்லி அவளை இருக்கச் சொன்னேன். விடை தெரியாத ஆசிரியன் ஒளிந்துகொள்ளும் பழைய மூலை அது.

அன்று மாலை வீடு திரும்பும்போது அக்கேள்வி என்னோடு கூடவே வந்தது. நானும் நிலாவெளி வெங்காயத்தில் வளர்ந்தவன்தான். என் புத்தகமும் காற்சட்டையும் பல்கலைக்கழகச் செலவும் அந்த மணலிலிருந்து வந்தவை. ஐந்திணையின் முதற்பொருளையும் கருப்பொருளையும் உரிப்பொருளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் என்னை ஆளாக்கிய பயிர் தன் காலடி மண்ணில் எவ்வாறு வாழ்கிறது என்பது எனக்குத் தெரியாது. நிலத்தைப் பாடிய இலக்கியத்தைக் கற்றவன் நிலத்தைக் கற்கவில்லை. அந்த வெட்கத்தினால் விஞ்ஞான ஆசிரியையிடம் சென்று கேட்டேன். அவர் தந்தவற்றைப் படித்தேன். படித்தறிந்ததை என்னைப் போன்ற ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெங்காயத்தைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் அதன் வேரை அறிவர். நெல்லின் வேரைப்போல அது நுண்ணிய கற்றையாகப் பரவுவதில்லை. குமிழின் அடியிலிருந்து தடித்த வெள்ளை நூல்கள் போலச் சில இறங்கும், கிளைகள் குறைவு, வேர்மயிர்களோ மிகக் குறைவு. இத்தகைய வேரைக்கொண்டு பொசுபரசைத் தேடுவது பெரும்பாடு. நைத்திரேற்று மண்ணீரோடு ஓடிவரும். பொசுபேற்று அவ்வாறன்று, மண் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாது கிடக்கும். தன்னைச் சூழ ஒரு மில்லிமீற்றர் அளவிலுள்ள மண்ணில் இருப்பதை உறிஞ்சி முடித்த வேர், அப்பால் இருப்பது எட்டாமல் பட்டினி கிடக்கும். எங்கள் கரையோர மணலிலோ இச்சத்து இயல்பாகவே அற்பம்.

இந்தப் பட்டினியைத் தீர்க்க ஒரு துணை உண்டு. பாடநூல் பங்கசு என்றும், வீட்டில் நாம் பூஞ்சணம் என்றும் கூறும் உயிர்வகையுள் ஒரு கூட்டம் வேரினுள்ளே குடிபுகுந்து, தன் இழைகளை வெளியே மண்ணில் நீட்டுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கினும் மெல்லிய அவ்விழைகள் வேர் எட்டாத இடுக்குகளுள் நுழைந்து, சில சென்ரிமீற்றர் தொலைவு சென்று, அங்குள்ள பொசுபேற்றைச் சுமந்து வருகின்றன. இதைக் கண்டறிவதற்கு ஆய்வாளர்கள் விரும்பிக் கையாண்ட பயிர்களுள் வெங்காயமும் ஒன்று என்பதை அறிந்தபோது வியந்தேன். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சாண்டர்சு, ரிங்கர் என்னும் இருவர் வெங்காய வேர்களைக்கொண்டு கணக்கிட்டனர். பூஞ்சணம் குடியிருந்த வேர், அது இல்லாத வேரைவிட, நீளத்துக்கு நீளம் ஏறக்குறைய நான்கு மடங்கு பொசுபரசைப் பெற்றது. எங்கள் தோட்டங்களின் பயிர் உலக ஆய்வுகூடங்களில் இவ்வளவு பேசப்பட்டிருக்கிறது. எங்கள் தோட்டத்து வரம்புக்கு அந்தப் பேச்சு வந்து சேரவில்லை.

வேரும் பூஞ்சணமும் சேர்ந்த இக்கூட்டுக்கு 1885இல் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டவர் பேர்ளின் தாவரவியலாளர் அல்பேட் பேர்ணாட் பிராங். செல்வர் வீட்டு விருந்துக்குரிய ஒருவகை நிலத்தடிப் பூஞ்சணத்தைப் பயிரிட முடியுமா என்று பிரசிய அரசு அவரிடம் கேட்டிருந்தது. அதைத் தேடிச் சென்றவர் காட்டு மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சணம் உறைபோலப் போர்த்திருப்பதைக் கண்டார். அது மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணியன்று, மரத்துக்கு ஊட்டும் துணையே என்று வாதிட்டார். அவர் காலத்தவர் பலர் நம்பவில்லை. வெங்காயத்தில் குடியிருப்பது அந்த உறைவகையன்று. வேரின் கலங்களுக்குள்ளேயே புகும் வேறொரு வகை. நிலத்தாவர இனங்களுள் பத்தில் ஏழு இவ்வகையோடு உறவு கொண்டவை. நெல், சோளம், தென்னை, பயறு ஆகியவை அவற்றுட் சேரும். கடுகு, கோவா போன்ற ஒரு குடும்பத்தார் இவ்வுறவைத் துறந்தவர்கள். உறவின் வயதோ நம் கற்பனையைத் தாண்டியது. ஸ்கொத்லாந்தின் ரைனி என்னும் ஊரிலுள்ள, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் பதிந்த தாவரங்களின் கலங்களுக்குள் இப்பூஞ்சணத்தின் கிளைகள் காணப்பட்டதாக 1994இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அத்தாவரங்களுக்கு உண்மையான வேர் இன்னும் தோன்றியிருக்கவில்லை. வேருக்கும் மூத்தது இவ்வுறவு.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். வேர் எவ்வாறு ஆராய்கின்றது?

முதலில் வேர் அழைக்கின்றது. பொசுபரசுக்குப் பசித்த வேர், ஸ்ட்ரிகோலக்டோன் எனப்படும் ஒருவகைச் சேர்வையை மிகமிக நுண்ணிய அளவில் மண்ணிற் கசியவிடுகின்றது. அருகில் உறங்கும் வித்தியிலிருந்து முளைத்த பூஞ்சண இழைக்கு அது எட்டியதும், இழை விரைந்து மூச்செறிந்து, பல கிளைகளாகப் பிரிந்து வேரைத் தேடுகின்றது. இந்த அழைப்பின் பொருளை 2005இல் யப்பானிய ஆய்வாளர் அக்கியாமாவும் அவருடைய கூட்டாளிகளும் வெளிப்படுத்தினர்.

ஆனால் இச்சேர்வை அதற்கு முன்பே வேறொரு குற்றத்துக்காக அறியப்பட்டிருந்தது. 1966இல் பருத்தி வேரிலிருந்து இவ்வகைப் பொருள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டபோது, அது சுடுமல்லியின் விதையை முளைக்கச் செய்யும் பொருளாகவே கருதப்பட்டது. சுடுமல்லி என்பது சோளத்தின் வேரிலும் கரும்பின் வேரிலும் பற்றிக்கொண்டு அவற்றின் சாற்றை உண்டு வாழும் ஒட்டுண்ணிக் களை. ஆபிரிக்க ஏழை உழவரின் வயிற்றில் அடிக்கும் பெரும்பகை. பல்லாண்டுகள் மண்ணில் உறங்கும் அதன் விதை, அருகே வேர் இருப்பதை இந்தக் கசிவினாலேயே அறிந்து விழிக்கின்றது. தனக்கே கேடுசெய்யும் ஒரு பொருளைத் தாவரம் ஏன் வெளிவிடவேண்டும் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. விடை இதுதான்: நண்பனை அழைக்கும் குரலைப் பகைவன் ஒட்டுக்கேட்கிறான். ஒட்டுக்கேட்பான் என்பதற்காக வேர் வாய்மூடியிருப்பதில்லை. வாய்மூடியிருந்தால் பட்டினி.

அழைப்புக்கு விடை வருகின்றது. பூஞ்சணமும் தன் பங்குக்குச் சில சேர்வைகளை அனுப்புகின்றது. பூஞ்சணத்தின் உடற்சுவர் கைற்றின் என்னும் பொருளாலானது. கிண்ணியாக் கரையில் குவிந்துகிடக்கும் இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் உள்ள பொருள் அதுவே. கைற்றின் என்பது ஒரே வகைக் கண்ணிகள் கோத்த சங்கிலி. அழுகல் நோயைத் தரும் பூஞ்சணத்தின் சுவரும் கைற்றின்தான். உதவிக்கு வரும் பூஞ்சணத்தின் சுவரும் கைற்றின்தான். ஆகவே உடையைப் பார்த்து ஆளை அறியமுடியாது. வேறுபாடு துண்டுகளின் நீளத்திலும் அவற்றிற் சேர்ந்துள்ள சிறு இணைப்புகளிலும் இருக்கின்றது. எட்டுக் கண்ணி கொண்ட நீண்ட துண்டு வந்தால் பெரும்பாலும் தாவரம் எதிர்ப்புக்கு ஆயத்தமாகும். நான்கைந்து கண்ணி கொண்ட குறுந்துண்டுகளும், கொழுப்பு இணைந்த சில துண்டுகளும் வந்தால் வரவேற்புக்கு ஆயத்தமாகும். பின்னைய இருவகைச் செய்திகளும் 2011இலும் 2013இலும் இனங்காணப்பட்டன.

இங்கே எனக்கு மிகுந்த வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. கலத்தின் மேற்புறத்திலிருந்து இத்தகைய செய்திகளை ஏற்கும் புரதங்களை வாங்கிகள் என்பர். நெல்லிலே, பகைக்கு ஒரு வாங்கி, நட்புக்கு வேறொரு வாங்கி என்று முற்றிலும் தனித்தனியே இல்லை. இரண்டு வேலைக்கும் பொதுவான ஒரு வாங்கி இருப்பதை 2014ஆம் ஆண்டையொட்டி வந்த ஆய்வுகள் காட்டின. அது எவற்றோடு கூடி நின்று, எந்தச் செய்தியைப் பெறுகின்றது என்பதைப் பொறுத்தே கதவு அடைபடுவதும் திறபடுவதும் நிகழ்கின்றன. காவலுக்கும் விருந்தோம்பலுக்கும் ஒரே வாயிலோனை வைத்திருக்கின்றது நெல்.

வரவேற்புச் செய்தி உறுதியானதும் வேர்க்கலத்தின் கருவில் கல்சியத்தின் அளவு ஏறி இறங்கி ஏறி இறங்கித் துடிக்கத் தொடங்கும். பின்னர் நடப்பதை 2005இல் நுணுக்குக்காட்டியில் பின்தொடர்ந்து கண்டார்கள். பூஞ்சணம் வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும்போதே, உள்ளே கலத்தின் கரு இடம்பெயர்ந்து செல்ல, அது சென்ற வழியே ஒரு சுரங்கப்பாதை கட்டப்படுகின்றது. பாதை ஆயத்தமான பின்னரே பூஞ்சணம் அதனூடே நுழைகின்றது. வந்தவன் கதவை உடைக்கவில்லை, வீட்டுக்காரன் வழிவிடுகிறான்.

திருகோணமலையில் வாழும் ஒருவனுக்கு இதைப் படிக்கையில் துறைமுகம் நினைவுக்கு வராமல் இராது. எங்கள் ஊரும் ஒரு வாயில். இந்த வாயில் வழியே வந்தவர்களை ஆராயும் உரிமை எங்களிடம் இருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்து கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாற் கோட்டை கட்டினர். ஒல்லாந்தரும் பிரான்சியரும் மாறிமாறிப் பற்றினர். பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் வைத்திருந்தது. சீனன்குடாவில் அவர்கள் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டினிடையே இன்றும் நிற்கின்றன. அவர்களுள் எவரும் எங்கள் பசியைக் கேட்டு வந்தவர்களல்லர். அழைப்பின்றி வந்து, கொடாமற் கொண்டவர்கள். ஒட்டுண்ணிக்கும் துணைக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் கடற்கரை நன்கறியும்.

துணை என்று சொன்னேன். அதன் கொடுக்கல் வாங்கலைப் பார்ப்போம். வேரின் உட்கலத்தை அடைந்த பூஞ்சண இழை அங்கே சின்னஞ்சிறு மரம்போலக் கிளைவிடுகின்றது. அந்தக் கிளைகளைத் தாவரத்தின் மென்சவ்வு சூழ்ந்து நிற்கும். அச்சவ்வின் ஒருபுறமிருந்து பொசுபேற்று வேருக்குச் செல்ல, மறுபுறமிருந்து வெல்லமும் கொழுப்பும் பூஞ்சணத்துக்குச் செல்கின்றன. இப்பூஞ்சணத்தால் அடிப்படைக் கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கமுடியாது. தாவரத்திடமிருந்தே பெறுகின்றது என்பது 2017இல் தெளிவாயிற்று. இலை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் காபனில் 4 முதல் 20 வீதம் வரை இவ்வாறு கீழே செல்லும் என்பர். சிறிய விலையன்று.

இந்த உறவு ஒருமுறை ஆராய்ந்து முத்திரை குத்தி முடித்துவிடும் காரியமும் அன்று. அந்தச் சிறு மரங்கள் ஒவ்வொன்றின் ஆயுளும் சில நாட்களே. பின்னர் வாடி மறைய, வேறு கலங்களில் புதியன தோன்றும். வரும் பொசுபேற்றைச் சவ்வினூடே ஏற்கும் புரதம் இல்லாத தாவரத்தில், அதாவது சரக்கு உள்ளே வந்துசேராத இடத்தில், அவை தம் காலத்துக்கு முன்பே அழிவதை 2007இல் கண்டனர். பூஞ்சணமும் கூடுதலாக வெல்லம் தரும் வேருக்கே கூடுதலாகச் சரக்கை அனுப்புகின்றது என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. ஆராய்தல் வாசலில் முடிவதில்லை. வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றது.

இதைச் சிலர் 'உயிரியற் சந்தை' என்று பெயரிட்டழைக்கின்றனர். அந்தப் பெயரில் எனக்கு நிறைவில்லை. என் தந்தையாருக்குத் தெரிந்த சந்தை வேறு. அறுவடை நாளில் இறக்குமதி வெங்காயம் வந்து இறங்கும், விலை சரியும், கடன்கொடுத்தவரே தராசையும் பிடித்துக்கொண்டிருப்பார். கொடுப்பவனும் கொள்பவனும் நேருக்கு நேர் நின்று, தராதவரிடமிருந்து விலகிக்கொள்ளும் வலிமை இருவருக்கும் சமமாக உள்ள இடத்தைச் சந்தை என்பதா? நூறாண்டுகளுக்கு முன், வலியது வாழும் என்ற வாக்கியத்தை இயற்கையின் சட்டமென்று காட்டி, ஆலை முதலாளியையும் குடியேற்ற ஆட்சியையும் நியாயப்படுத்தினார்கள். அதற்கு விடையாக 1902இல் குரொப்பொட்கின் 'பரஸ்பர உதவி' என்னும் நூலை வெளியிட்டு, ஒத்துழைப்பும் இயற்கையே என்று காட்டினார். நானோ இரண்டுக்கும் நடுவே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிக்கொள்வேன். வேர் நமக்கு நீதி போதிப்பதற்காக வளரவில்லை. மனிதர் நீதியை மனிதரே ஆக்கவேண்டும். ஆனால் இயற்கையின் பெயரால் நமக்குப் பொய் சொல்லப்படும்போது, உண்மையான இயற்கை எப்படியிருக்கின்றது என்று அறிந்திருப்பது நமக்கு ஓர் ஆயுதம்.

இனி, என் வீட்டைத் தொட்ட பகுதிக்கு வருகிறேன். பசித்த வேரே அழைக்கும் என்றேன். பசியில்லாத வேர் அழைப்பதில்லை. மண்ணில் கரையும் பொசுபேற்று நிறைய இருந்தால், தாவரம் அதை உணர்ந்து அழைப்பைக் குறைத்துக் கதவையும் சாத்திவிடுகின்றது. வெல்லத்தையும் கொழுப்பையும் வீணே செலவிட அது ஆயத்தமாக இல்லை. உள்ளிருக்கும் பொசுபரசின் அளவை அளந்து இவ்வுறவைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கு நெல்லில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை 2021இல் விரிவாக விளக்கினார்கள்.

அதே 2021ஆம் ஆண்டை இலங்கைக் கமக்காரர் வேறொரு காரணத்துக்காக மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், அடுத்து வந்த 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் பசளை எட்டாக்கனியாயிற்று. என் தந்தையார் பல்லாண்டுகளாக அடிக்கட்டுப் பசளையை அள்ளி இட்டவர். கூடுதலாக இட்டாற் கூடுதலாக விளையும் என்றே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பூஞ்சணத்துக்கும் வேருக்கும் இடையிலான பேச்சு அந்தத் தோட்டத்தில் நெடுங்காலமாகக் குறைந்துபோயிருக்க வேண்டும். குமிழ் அழுகலுக்கு அடித்த மருந்தும் அதற்கு உதவியிராது. ஒரே உத்தரவில் மேலிருந்து வந்த சோறு நின்றது. கீழே அழைக்க ஆளும் இல்லை. சுண்டுவிரலளவு குமிழ்களைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதை விக்கிறதா, திரும்ப நடுறதா?" என்று அவர் கேட்டது என் நெஞ்சிலிருந்து நீங்கவில்லை. அவ்வாண்டு அம்மாவின் காப்பு அடைவுக்குப் போயிற்று.

பூஞ்சணம் இருக்கிறதே, பசளை எதற்கு என்று சொல்லுபவர்களோடு நான் உடன்படேன். பூஞ்சணம் பொசுபரசைப் படைப்பதில்லை. மண்ணில் இருப்பதைத் தூர இடத்திலிருந்து சுமந்துவரும் நாட்டாமை அது. அறுவடையோடு தோட்டத்தை விட்டு வெளியேறும் சத்தை எவ்வாறாயினும் திருப்பித் தரவே வேண்டும். கேள்வி, எவ்வளவு, எந்த வடிவில், யாருடைய முடிவின்படி என்பதே. வட மத்தியிலுள்ள எப்பாவலையில் 1971இல் பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அப்பாறைப் பொடி மெல்லக் கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே உகந்தது. வெங்காயத்துக்குக் கரையும் பசளை கப்பலில் வரவேண்டியுள்ளது. அந்தப் படிவைப் பன்னாட்டு நிறுவனமொன்று சேர்ந்த கூட்டுமுயற்சியிடம் ஒப்படைத்து வேகமாக அகழ்ந்தெடுக்க 1990களில் திட்டமிடப்பட்டபோது, அவ்வூர்க் கமக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2000 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் இயற்கை வளம் வருந்தலைமுறைக்கும் உரியது என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. சிங்கள உழவர் பெற்ற அந்த வெற்றி தமிழ் உழவரின் மண்ணுக்கும் உரியது. எங்கள் வகுப்பறைகளில் அது கற்பிக்கப்படவேண்டும்.

ஒரு சனிக்கிழமை, விஞ்ஞான ஆசிரியையும் நானும் அந்த மாணவியும் அவளுடைய தோழியர் சிலரும் பாடசாலை ஆய்வுகூடத்திற் கூடினோம். என் தந்தையாரின் தோட்டத்திலிருந்தும், வடக்கே இறக்கக்கண்டியில் அவருடைய நெடுநாள் நண்பரான முஸ்லிம் பெரியவரின் தோட்டத்திலிருந்தும் வெங்காய வேர்கள் கொண்டுவந்திருந்தோம். பெரியவரை நாங்கள் காக்கா என்று அழைப்போம். அவர் வசதிக்குறைவால் பசளையைக் குறைத்தே இடுபவர். இடையிற் கௌபியும் போடுபவர். வேர்த்துண்டுகளைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் அவித்து வெளிறச்செய்து, பின் சாயமூட்ட வேண்டும். சாயத்துக்கு விலையுயர்ந்த இரசாயனம் வேண்டாம், வினாகிரியில் நூற்றுக்கு ஐந்து பங்கு பேனா மை கலந்தாற் போதும் என்று 1998இல் ஆய்வாளர் சிலர் எளிய வழியொன்றை வெளியிட்டிருக்கின்றனர். "தமிழ் ஆசிரியரிட்ட மை இருக்குந்தானே" என்றார் விஞ்ஞான ஆசிரியை. என் மேசையிலிருந்த மைப்போத்தல் அன்றுதான் முதன்முறையாக உழவுக்குப் பயன்பட்டது.

காக்காவின் தோட்டத்து வேரில் நீல இழைகள் கலங்களினூடே ஓடுவதையும், ஆங்காங்கே கலத்தை நிறைத்து நின்ற சிறு மரங்களையும் மாணவியர் ஒருவர் பின் ஒருவராகக் கண்டனர். எங்கள் தோட்டத்து வேரில் தேடித்தேடி ஓரிரு இழைகளே தென்பட்டன. இரண்டு கைப்பிடி வேரைக்கொண்டு முடிவு கட்டக்கூடாது, இரு தோட்டத்துக்கும் மண்ணிலும் நீரிலும் வேறுபாடு இருக்கும் என்று விஞ்ஞான ஆசிரியை கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் கண்டிப்பை மாணவர் கற்றுக்கொள்வது இழைகளைக் காண்பதிலும் பெரிது.

வேர் கொண்டுவந்த என் தந்தையாரும் குனிந்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் நிலத்துக்குக் கீழ கூலியில்லாமல் ஆள் நிண்டு வேலை செய்திருக்கு" என்றார்.

"கூலி இருக்கு ஐயா, இலை குடுத்திருக்கு" என்றாள் மாணவி.

அவர் சிரித்தார், பின் சிரிப்பு அடங்கி, "நாங்கதான் ஆளை நிப்பாட்டினம்" என்றார்.

அன்று வீடு திரும்பும் வழியில் நான் வேறொன்றை நினைத்துக்கொண்டேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் தோட்டத்தை உப்பாக்கிவிட்டுச் சென்றது. கிணறும் உவர்த்தது. விதை வெங்காயமும் போயிற்று. மழை உப்பைக் கழுவி, மண் ஓரளவு தேறிய பின்னரும் நடுவதற்கு ஒரு குமிழ் இல்லை. காக்காவின் மேட்டுத் தோட்டத்தில் விதை இருந்தது. போய்க் கேட்க என் தந்தையார் மூன்று நாள் தயங்கினார். அந்த ஆண்டுகளில் ஓர் ஊரவர் மற்ற ஊருக்குப் போவது எளிதாக இருக்கவில்லை. கேட்டால் ஊர் என்ன சொல்லும், மறுத்தால் முகத்தை எங்கே வைப்பது, கேட்பதை யார் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் அந்தத் தயக்கத்துக்குள் இருந்தன. நான்காம் நாள் போனார். காக்கா இரண்டு சாக்கு விதை தந்து, "விளைஞ்சால் திருப்பித் தா தம்பி, விளையாட்டி ரெண்டு பேரும் சேந்து யோசிப்பம்" என்றார். திருப்பிக் கொடுத்தோம். அதற்குப்பின் அவருக்கு எங்கள் நீரிறைக்கும் இயந்திரமும், எங்களுக்கு அவருடைய விதையும் போய்வந்துகொண்டிருக்கின்றன. கொடுக்கலும் வாங்கலும் நிற்காததால் உறவும் நிற்கவில்லை.

மறுவாரம் வகுப்பில், கரும்பலகையில் முன்பு எழுதிய என் வாக்கியத்தை நினைவூட்டி, அது தவறு என்றேன். ஆராய்வதற்கு மூளை வேண்டுமென்பதில்லை. பசி வேண்டும், அழைக்கத் துணிவு வேண்டும், வரும் விடையை வேறுபடுத்திக் கேட்கும் செவி வேண்டும், கொண்டதற்குக் கொடுக்கவும் வேண்டும். மாணவியின் இரண்டாம் கேள்விக்கும் விடை சொன்னேன். ஆம், மருந்தில் இரண்டும் சாகலாம். மருந்துக்கு மருந்து அது வேறுபடும். பெனோமைல் என்ற பங்கசு நாசினியை, வேர்த்துணையை வேண்டுமென்றே அகற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வாளர்களே பயன்படுத்தியிருக்கின்றனர். ஆகவே நோய் கண்ட இடத்தில், கண்ட அளவில், எந்த மருந்து என்று கேட்டறிந்து அடிக்கவேண்டும், வழக்கத்துக்காக அடிக்கக்கூடாது.

பின்னர், தமிழாசிரியன் என்ற முறையில், ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன்: கேள். வினவு என்றும், செவிகொடு என்றும் அதற்குப் பொருள். பழந்தமிழில் உறவினன், நண்பன் என்றும் பொருளுண்டு; கேளிர் என்பது அதன் பன்மை. அகராதி இவற்றைத் தனித்தனியே வரிசைப்படுத்தும். ஆனால் வெங்காய வேரில் இம்மூன்றும் ஒரே தொழிலாக நடக்கின்றன. வேர் கேட்கின்றது, விடையைக் கேட்கின்றது, கேளாகின்றது.

மாணவியர் எழுதிக்கொண்டனர். பின்வரிசைக்காரி மட்டும் எழுதவில்லை. "சேர், அப்ப பசளையைக் குறைச்சால் எத்தின போகத்தில அது திரும்பி வரும்?" என்றாள்.

அதற்கு வகுப்பறையில் விடையில்லை, தோட்டத்திலேதான் உண்டு. வரும் போகத்தில் என் தந்தையார் நான்கு பாத்தியை ஒதுக்கியிருக்கிறார். இரண்டுக்கு வழக்கமான பசளை, இரண்டுக்குப் பாதி, முன்பயிராக எல்லாவற்றிலும் கௌபி. கணக்குப் புத்தகத்தை அந்த மாணவி வைத்திருக்கிறாள்.